சூளையில் ஒரு தாய்வீடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆபீசில் எல்லோருக்கும் இது தெரியும், டாக்டர் ராஜகுருவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர்தான் எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவர். அவரோடுதான் நான் அதிகம் சண்டை போடுவேன். எங்கள் இருவர் வீட்டிலும் பேசுவது சௌராஷ்டிரம். சண்டை முற்றினால் தமிழை விட்டுவிட்டு அதற்குத் தாவிவிடுவோம். மற்றவர்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்தப் பங்குனி மாதக் காலையிலும் மதுரை கே.கே. நகர் ஆபீஸ் காலியாகத்தான் கிடந்தது.

சண்டை என்னவென்றால், எங்கள் ஆராய்ச்சியில் இருந்த ஒரு விதி. கே.கே. நகரில் ஒருத்தி உண்டானால் ஸ்கேன் என்ன, சத்துமாத்திரை என்ன, தாயும் பிள்ளையும் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் உசிலம்பட்டிப் பக்கம். அங்கே மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போகிற பெண்ணுக்குப் பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது, சில நேரம் பிறக்காமலே போகிறது. எந்த இடத்தில் இவர்கள் நம் கையை விட்டு நழுவுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. நான் நர்சிங் படித்தவள். மாதாமாதம் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பேன், சிறுநீர் வாங்கி லேபுக்கு அனுப்புவேன். எல்லாம் சரி. ஆனால் எங்கள் கிராமங்களை விட்டு வெளியே போகிற பெண்ணை ஆராய்ச்சியிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதி. ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கிற நாட்டில் இப்படி ஒரு விதியா!

"சார், நாம யாரைத் தேடுறோமோ அவளே பாதி வழியில எறங்கிப் போயிடுறா. ஆபத்து வர்ற மாசமும் அதுதான். மிச்சம் இருக்கிறவங்களைப் பாத்துட்டு எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு எழுதப் போறோமா?" என்றேன்.

"எல்லா ஊருக்கும் பின்னாடியே போக நம்மகிட்ட ஆள் ஏது, நாகமணி?" என்றார் அவர். பொறுமையாகத்தான் சொன்னார். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகாது.

அந்த நேரத்தில் லேபிலிருந்து போன் வந்தது. பாண்டிச்செல்வியின் சிறுநீரில் புரதம் எக்கச்சக்கமாக இருக்கிறதாம். போன தடவை பார்த்தபோதே அவளுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. தலைச்சன் பிள்ளை, இப்போதுதான் எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. ரத்த அழுத்தமும் புரதமும் சேர்ந்தால் திடீரென்று வலிப்பு வந்து தாயையும் பிள்ளையையும் ஒருசேரக் கொண்டுபோய்விடும். அவள் நம்பருக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். போன வாரம்தான் அவளுக்கு வளையல் போட்டு அனுப்பினார்கள் என்று நினைவு வந்தது.

ராஜகுரு என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் என்ன நிக்கிறீங்க? விதியை நான் பாத்துக்கிறேன், நீங்க கிளம்புங்க" என்றார்.

எங்கள் ஜீப்பை ஓட்டுகிறவர் இம்மானுவேல் அண்ணன். அவர் ஓட்டிய ஓட்டில் செக்கானூரணி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. பாண்டிச்செல்வியின் மாமியார் சீனியம்மாள் வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் நான்கைந்து பேர் கூட உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க நர்சம்மா. மோர் குடிக்கிறீகளா?"

"மோர் இருக்கட்டும்க்கா. மருமக எங்க?"

"அதான் வளையல் போட்டு அனுப்பியாச்சுல்ல. ஏழு வகைச் சோறு கட்டி, தெருவே வேடிக்கை பாக்க அனுப்பி வச்சேன். தாய்வீட்டுல ராசாத்தியாட்டம் இருக்கா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எந்த ஊரு?"

"புளியங்காட்டுப்பட்டி."

"அங்க யாரு நம்பராவது இருக்கா?"

"நம்பரு… அது எங்கிட்டுக் கெடக்கோ" என்று உளுந்தைத் துழாவினாள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். வலிப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த உளுந்தைக் கீழே போட்டுவிட்டாள். வேறு சேலைகூட மாற்றவில்லை, அப்படியே ஜீப்பில் ஏறிக்கொண்டாள். ஆனால் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. நான் ஏதாவது கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புளியங்காட்டுப்பட்டியில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. கதவுக்குக் குறுக்கே ஆடு மாடு நுழையாமல் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். முள்ளும் காய்ந்து வெளுத்திருந்தது. நான் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். சீனியம்மாள் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

"அக்கா, இந்த வீட்டுல மாசக்கணக்கா ஆள் இல்ல. உங்களுக்கு இது தெரியும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "செங்கச் சூளைக்குப் போயிருக்காக நர்சம்மா. தை பொறந்ததும் குடும்பத்தோட போவாக, மழைக்குத்தான் வருவாக. இவளும் அங்கதான் இருக்கா."

"இத காலையிலயே சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்லுவேன்? நானும் எங்க வீட்டுக்காரரும் அதே சூளையில மண்ணு மிதிச்சவுகதான். அதை விட்டு வெளிய வந்து, ரெண்டு குறுக்கம் நெலம் வாங்கி, எம்மவன ஐடிஐ படிக்க வச்சோம். மருமக பிள்ளைப்பேத்துக்குச் சூளைக்குப் போனான்னு தெரிஞ்சா தெரு சிரிக்காதா? இங்கயே வச்சுக்கிட்டா, பொண்ணுக்குப் போக்கிடம் இல்லம்பாக. நான் என்ன செய்ய? கேட்டா தாய்வீட்டுல எறக்குனேன்னு சொல்லணும்ல, பூட்டுன வீட்டு வாசல்ல ஆட்டோவை நிப்பாட்டி எறக்கி, அங்கருந்து பஸ் ஏத்திவிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! கௌரவம் பெரிதா, பிள்ளை உயிர் பெரிதா என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். தூசியும் புகையும் மண்டுகிற இடத்தில், பொட்டு நிழல் இல்லாத இடத்தில், வாயும் வயிறுமாக ஒருத்தியைக் கொண்டுபோய் வைப்பாளா மனுஷி?

இம்மானுவேல் அண்ணன்தான் குறுக்கே வந்தார். "மேடம், திட்டுறத போய்க்கிட்டே திட்டலாம். எங்கிட்டுப் போகணும்னு கேளுங்க."

அழகர்கோவில் தாண்டி, மலையடிவாரத்தை ஒட்டி எங்கேயோ ஒரு சூளை. அவ்வளவுதான் சீனியம்மாளுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் சூளைக்கா பஞ்சம்? ஆனால் இப்போது அவள் இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்துத் தந்தாள். சம்பந்தி முனியாயியின் நம்பர் அதில் இருந்தது. ஜீப் மதுரைப் பக்கம் திரும்பியது. நான் அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"பிள்ளைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கா" என்றாள் முனியாயி. "வந்ததுக்கு இப்பக் கொஞ்சம் பூசுனாப்ல, மூஞ்சியெல்லாம் மினுமினுன்னு அழகா இருக்கா. தலதான் வலிக்குதுங்கிறா. வெயிலு அம்புட்டு அடிக்குதுல்ல."

"கால் வீங்கியிருக்கா?"

"பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்காம இருக்குமா தாயி?"

எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருந்தது. முகம் உப்பியிருப்பதும் அழகு, தலைவலியும் வெயில். மகள் செழித்திருக்கிறாள் என்று நம்ப ஆசைப்படுகிறவளிடம் வேறு எப்படித்தான் கேட்பது? கருவியும் இல்லை, நர்சும் இல்லை. அவள் கண்ணால் பார்த்து, தன் கையாலேயே தொட்டு, தானே நம்புகிற மாதிரி ஏதாவது வேண்டும். எனக்குச் சட்டென்று தோன்றியது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு செய்ங்க. வளையல் போட்டு அனுப்பினாங்கல்ல, அதப் பிடிச்சு மேல தள்ளிப் பாருங்க. ஓடுதா?"

"ஏத்தா, கையக் குடு" என்பது கேட்டது. அப்புறம் வந்த குரல் வேறு மாதிரி இருந்தது. "ஓடல தாயி. சதையில பதிஞ்சு கெடக்கு. போட்டன்னைக்கு முழங்கை வரைக்கும் ஓடுச்சுன்னு சொன்னா. என்னம்மா இது?"

என் போனில் நான் நூற்றெட்டுக்குச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வரும், ஆனால் பெயர்ப்பலகை இல்லாத சூளைக்கு வழி தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அழகர்கோவில் மெயின் ரோட்டுக்கு அவளைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை முனியாயியிடம் சொன்னதும் ஒரே அழுகை.

"எட்டாம் மாசம்மா. எட்டுல வண்டி ஏத்தி ஊரு தாண்டக் கூடாதும்பாகளே. நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணு ஆனா சம்பந்தி வீட்டுல என்னயத்தானே கேப்பாக!"

நான் வாயைத் திறப்பதற்குள் சீனியம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "மதினி, நாந்தான் சீனியம்மா பேசுறேன். ஆகுறது ஆகாதது எல்லாம் என் தலையில விடியட்டும். உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. செங்க டிராக்டர் நிக்கிதா? சாக்க விரிச்சு ஏத்து. பள்ளத்துல மெதுவா விடச் சொல்லு. அழுதுக்கிட்டு நிக்காத, ஏத்து மதினி!"

காலையிலிருந்து முதல் தடவையாக எனக்கு அவள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

மதுரை பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில் நாங்கள் இறங்கவும் ஆம்புலன்ஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பாண்டிச்செல்வியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கண் இடுங்கிப்போகிற அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. வண்டியில் வந்த நர்ஸ், "தொடையில ஊசி போட்டிருக்கோம் மேடம். நரம்புல மருந்து ஏத்தியாகணும், ஆனா வளையல் மறைக்கிறதால கையில எடமே கெடைக்கல" என்றாள்.

இரண்டு முன்கையிலும் மணிக்கட்டிலிருந்து நெருக்கமாக வளையல்கள். வீங்கிய சதை அவற்றுக்கு நடுவே பிதுங்கிக்கொண்டு நின்றது. முழங்கை மடிப்பில் குத்திப் பார்த்திருக்கிறார்கள், நரம்பு சிக்கவில்லை. சோப்பு போட்டுக் கழற்றிப் பார்த்தும் ஒன்றுகூட அசையவில்லை. உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அவள் இரண்டு கையையும் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

"உடைக்காதீக. கும்புட்டுக் கேக்குறேன், உடைக்காதீக. அவுக வடக்க போர்க்கெணறு போடுற வண்டியில வேலைக்குப் போயிருக்காக. அவுகளுக்கு ஏதாச்சும் ஆயிரும்."

முனியாயியும் தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டுனவன் உசுரோட இருக்கையில வளையல உடைக்கலாமா டாக்டரம்மா? தாலியறுத்தவளுக்குல்ல அப்படிச் செய்வாக! அதுவும் இது பிள்ளைக்குப் போட்ட வளையலு."

டாக்டர் சின்னப் பெண்தான். அவளுக்கு ஒரு பக்கம் அவசரம், ஒரு பக்கம் பாவம். பலவந்தமாகப் பிடித்தால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறும், அந்த நிமிஷமே வலிப்பு வந்தாலும் வரும். நானும் கெஞ்சினேன், அதட்டினேன். மெஷின் நூற்றெழுபதைக் காட்டியது. பாண்டிச்செல்வி என்னைப் பார்த்து, "அக்கா, உங்க மூஞ்சி மங்கலாத் தெரியுது" என்றாள். அவ்வளவுதான், கைமீறிப் போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது சீனியம்மாள் என்னை விலக்கிக்கொண்டு கட்டில் பக்கம் போனாள். மருமகளின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னயப் பாரு. கண்ணுச்சாமி யாரு பெத்த பிள்ள?"

"நீங்க பெத்த பிள்ள."

"எனக்கு ஒத்தப் பிள்ளையா, ரெண்டு பிள்ளையா?"

"ஒத்தப் பிள்ள."

"அவன் உசுரு மேல உனக்கு இருக்கிற ஆசை எனக்கு இல்லையா? பெத்தவ நான் சொல்றேன். அவனுக்கு ஒண்ணும் ஆகாது. எந்தச் சாமி கேட்டாலும் நாந்தான் உடைச்சேன்னு நான் பதில் சொல்லிக்கிறேன். கைய நீட்டு."

பாண்டிச்செல்வி மார்போடு இறுக்கியிருந்த கைகளைத் தளர்த்தினாள். பிறகு கையை நீட்டினாள்.

வேறு யாரையும் தொடவிடவில்லை சீனியம்மாள். முந்தானையை மருமகள் கைமேல் சுற்றி, ஒவ்வொரு வளையலாகப் பிடித்து நொறுக்கினாள். சிவப்பும் பச்சையுமாகச் சில்லுகள் டிரேயில் விழுந்தன. பாண்டிச்செல்வியின் கையில் ஒரு கீறல்கூட விழவில்லை. சீனியம்மாளின் உள்ளங்கைதான் கிழிந்து ரத்தம் வந்தது. டாக்டர் அந்த நிமிஷமே நரம்பைப் பிடித்துவிட்டாள், மருந்து இறங்கத் தொடங்கியது. வலிப்பு வரவில்லை.

மத்தியானம் ஆபரேஷன். தியேட்டர் வாசலில் நாங்கள் நின்ற நிலையை என்ன சொல்ல! முனியாயி கும்பிடாத சாமி இல்லை. நர்ஸ் வெளியே வந்து, "பாண்டிச்செல்வி வீட்டுக்காரங்க யாரு? பொம்பளப் பிள்ள. எடை கொறைச்சல்தான், ஆனா நல்லா மூச்சு விடுது, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோம். அம்மாவும் நல்லா இருக்காங்க" என்றாள். அப்பாடா! வராந்தாத் தரை என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். முனியாயி என் காலில் விழ, நான் அவளைத் தூக்க, இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். இம்மானுவேல் அண்ணன் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிவந்தார். காலையிலிருந்து யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது.

ராஜகுருவும் வந்து சேர்ந்தார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வளையல் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

"ஒருத்திக்குப் பலிச்சதை வச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது, நாகமணி. ஆனா கேட்டுப் பாக்கலாம். தாய்வீடு போன எல்லார் வீட்டுக்கும் போன் போட்டு வளையல் ஓடுதான்னு கேப்போம், மெஷின் சொல்றதோட ஒத்துப் பாப்போம். போன பொண்ணுங்களை இனிமே விடுறதா இல்ல. சூளைன்னா சூளைக்குப் போவோம். ஆள் கேட்டு நான் எழுதுறேன்."

"காலையிலயே இதச் சொல்லியிருந்தா என் தொண்டையாவது மிஞ்சியிருக்கும் சார்."

"உங்க தொண்டைக்கா? அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார்.

"இன்னொண்ணு சார். தாய்வீடு எந்த ஊருன்னு இனிமே கேக்கக் கூடாது. இன்னைக்கு ராத்திரி எங்க படுக்கப் போறான்னு கேக்கணும். அதையும் தெருவை வச்சுக்கிட்டுக் கேக்கக் கூடாது, தனியாக் கூப்பிட்டுக் கேக்கணும்" என்றேன். அவர் உடனே சரி என்றார். என் கோபத்துக்கு ஒரே நாளில் இத்தனை பலன் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். சீனியம்மாளை மட்டும் காணோம். தேடிப் போனால், மாடிப்படிக்குக் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். டீ பக்கத்தில் ஆறிப்போய் இருந்தது. கட்டுப் போட்ட கையில் பட்டன் போனைப் பிடித்துக்கொண்டு, அழுத்துவதும் காதில் வைப்பதுமாக இருந்தாள்.

"என்னக்கா, மகனுக்குச் சேதி சொல்லணுமா? லைன் கெடைக்கலையா?"

"வெளிய இருக்கான் வெளிய இருக்கான்னே அந்தப் பொம்பள சொல்றா."

"வேலை செய்யிற எடத்துல டவர் இருக்காது. சாயங்காலம் பேசிக்கலாம். வாங்க, பேத்தியைக் கண்ணாடி வழியா காட்டுறாங்க."

அவள் அசையவில்லை. மறுபடியும் நம்பரை அழுத்தினாள். விரல் தப்பான இடத்தில் பட்டது. அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அழுத்தினாள். அவள் சேதி சொல்ல அழைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"சொன்னேன்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "வேற என்னத்தச் சொல்றது? அந்தப் பிள்ள கைய நீட்டணும்ல."

மூடநம்பிக்கை என்று சொல்ல நாக்கு எழவில்லை. வளையல் உடைந்தால் மகனுக்கு ஆபத்து என்று பாண்டிச்செல்வியைவிட, முனியாயியைவிட அதிகமாக நம்பியவள் இவள்தான். நம்பிக்கொண்டேதான் அத்தனையையும் உடைத்திருக்கிறாள். காலையில் இவளைப் பார்த்து, பிள்ளை உயிர் பெரிதா என்று கேட்டேனே!

அப்புறம் நானும் என் போனில் அடித்தேன். இம்மானுவேல் அண்ணன் அவர் போனில் அடித்தார். ராஜகுரு அந்த போர் வண்டி முதலாளியின் நம்பரைக் கண்டுபிடித்து அவருக்கு அடித்தார். வண்டி சத்தீஸ்கரில் ஏதோ காட்டுக் கிராமத்தில் நிற்கிறதாம், சொல்லி அனுப்புகிறேன் என்றாராம். சீனியம்மாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பார்வையாளர் நேரம் முடிகிற சாயங்காலத்தில், வார்டெல்லாம் லைட் போடுகிற நேரத்தில், அவள் கையிலிருந்த போன் அடித்தது. அவள் அதை வெறித்துப் பார்த்தாளே ஒழிய எடுக்கவில்லை. நான்தான் பட்டனை அழுத்தி அவள் காதில் வைத்தேன்.

"யம்மா! எதுக்கும்மா இம்புட்டு மிஸ்டு காலு? முதலாளி ஆள் விட்டுக் கூப்புடுறாரு. என்ன ஆச்சு?"

"அய்யா… நீதானா?"

"நாந்தேன். வேற யாரு? என்னம்மா, அழுகுறியா?"

"பேசு. நீ பேசிக்கிட்டே இரு, நான் கேக்குறேன்."

கண்ணுச்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், என்ன பேசுவது என்று தெரியாமல், அங்கே வெயில் ஜாஸ்தி, இன்றைக்குத் தண்ணீர் நல்லா வந்தது, சப்பாத்தி தின்று தின்று வாய் செத்துப்போச்சு என்று வரிசையாகச் சொன்னான். சீனியம்மாள் கண்ணீர் வழிய வழிய ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பெண்டாட்டி தப்பித்ததை, மகள் பிறந்ததை அவனுக்கு நான்தான் கடைசியில் சொல்ல வேண்டியிருந்தது. அவன் அந்தப் பக்கம் கத்திய கத்தல் மாடிப்படி முழுக்கக் கேட்டது.

போனை வைத்ததும் அவள் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். சேலையை உதறிச் செருகிக்கொண்டு, கட்டுப் போட்ட கையை என் தோளில் ஊன்றி எழுந்தாள்.

"வாங்க நர்சம்மா. எம்பேத்திய நான் இன்னும் பாக்கவே இல்ல."